அக்கா மகனுக்கு அனுப்பிய படம்

பர்மாவில் இருக்கும் என் பெரியப்பா மகள் என்னிடம் கேட்ட உதவி ரொம்பச் சின்னது. தினமும் காலையில் அவள் மகனுடைய போனுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். முருகன் படம், பூச்செண்டு, 'காலை வணக்கம்' என்று எழுதிய டீ கிளாஸ், எதுவாக இருந்தாலும் சரி. என் வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிற படங்கள்தான். அதை நான் விடாமல் செய்தால் அவள் மகன் உயிரோடு தாய்லாந்துக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அக்கா பொறுமையாகச் சொன்னாள். அங்கே ரோடு முழுக்கப் பட்டாளத்தார் கேட் போட்டு நிற்கிறார்கள். பஸ்ஸை நிறுத்தி, இளவட்டங்களை இறக்கி, போனை வாங்கிப் பார்க்கிறார்கள். பட்டாளத்தைத் திட்டி ஒரு வரி இருந்தால் போதும், எதிர்த்து ஊர்வலம் போன ஒரு போட்டோ இருந்தால் போதும், ஆள் திரும்பி வரமாட்டான். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் போனோடு போனாலும் ஆபத்துதான். எதை அழித்தாய் என்று கேட்டு அடிப்பார்கள். அதனால் பார்க்கிறதற்கு அது ஒரு சாதுவான பையனின் போன் மாதிரி இருக்க வேண்டும். சாமி படமும் பூவும் மாமன் அனுப்பிய காலை வணக்கமும் அதில் நிறைந்து கிடக்க வேண்டும்.

"வெளியூர்ல இருந்து அனுப்புறதுக்கு எனக்கு நீ ஒருத்தன்தான் தம்பி," என்றாள். "ஒரு நாள் அனுப்பி ஒரு நாள் விட்டுடாதே. நெடுநாள் பழக்கம் மாதிரி இருக்கணும்."

அவர்கள் நாட்டில் எல்லாரும் வைத்திருக்கிற ஓர் ஆப்பைச் செல்போன் கடைக்காரர் என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையில் வண்டியைத் திறந்து கரியைப் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு படம் அனுப்புவது என் வேலையானது.

நான் தாம்பரத்துக்குக் கிழக்கே, விமானப்படைக்காரர்கள் நிறையக் குடியிருக்கும் ஒரு தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். வீடு பெரும்பாக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில். ஆற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தினமும் மேடவாக்கம் கூட்டத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளை உருட்டித் தாம்பரம் வந்து சேர்வேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. துணி கொடுக்க வருகிறவர்களிடம்கூடத் துணியைப் பார்த்துத்தான் பேசுவேன்.

இந்தப் பயம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பர்மாவில் பிறந்தவர். அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்துக் கடைகண்ணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். பெரியப்பா வரவில்லை. மோல்மீன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தங்கிவிட்டார். சென்னைக்கு வந்த பிறகும் அப்பாவுக்குக் காக்கிச் சட்டையைக் கண்டால் ஆகாது. பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கமாட்டார். நான் யூனிபார்ம் தேய்த்துப் பிழைக்கிறேன் என்று தெரிந்த பிறகு சாகும்வரை என் வண்டிப் பக்கம் அவர் வரவே இல்லை.

பெரியப்பா குடும்பம் இருக்கிறதா இல்லையா என்றே எங்களுக்குப் பல வருஷம் தெரியாது. பிறகு அந்த நாடு கொஞ்சம் கதவைத் திறந்தது. ஏழைகள் கைக்கும் போன் வந்தது. பெரியப்பா மகள் எப்படியோ தேடி என்னைப் பிடித்தாள். அந்த நல்ல காலத்தில் கோயில் குளம் பார்க்க ஒரு கூட்டத்தோடு இங்கே வந்து, எங்கள் வீட்டிலும் சில நாள் தங்கினாள். என்னைவிட மூத்தவள், உயரமானவள், கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ பூசிக்கொள்வாள். அவளும் புருஷனும் அங்கே தோசைக்கடை நடத்துகிறார்கள். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

வந்த அன்றே அவள் என் மனைவிக்குக் காட்டியது ஒரு போட்டோ. அவளுடைய சுண்டு விரல், நுனி முழுக்க ஊதா மை. ஓட்டுப் போட்டதாம். தாலி கட்டின போட்டோவைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். எங்கள் குடியிருப்பில் எல்லார் விரலிலும் வருகிற மைதானே என்று என் மனைவி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்போ அந்தப் பட்டாளத்துக்காரங்கல்லாம் எங்கக்கா போனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்கயும் போகலைம்மா," என்றாள் அக்கா. யூனிபார்மைக் கழற்றி வைத்துவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு சிலர் மந்திரி ஆனார்களாம். அது போக, அவர்கள் எழுதி வைத்த சட்டப்படி சபையில் நாலில் ஒரு பங்கு நாற்காலி பட்டாளத்துக்கு. ஓட்டுக் கேட்காமலேயே வந்து உட்காரலாம். அவர்கள் கை தூக்காமல் சட்டத்தில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இது இன்னா கதைக்கா. வூட்ட வித்துட்டு ஹால்லயே பாய் போட்டுப் படுத்துகினு கீறானுங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். "படுத்துட்டுப் போகட்டும். சாவியும் அவன் மடியிலதான் இருக்கு."

போலீஸ், பட்டாளம், எல்லை, மூன்றும் அவர்கள் கையில் என்றாள். ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. மெதுவாகத்தான் மாறும், ஒரே நாளில் போகச் சொன்னால் கோபம் வரும், கூடவே வைத்துக்கொண்டு பழக்க வேண்டும் என்று, முரட்டு மாமனாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்.

ஹாலில் படுத்திருந்தவர்கள் சில வருஷத்தில் எழுந்தார்கள். ஓட்டில் ஜெயித்தவர்களை ஒரு விடியற்காலையில் பிடித்து அடைத்துவிட்டு, பட்டாளம் மறுபடியும் நாட்டை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாள் அக்காவின் போன் போகவே இல்லை. பிறகு போனபோது அவளுடைய குரல் மாறியிருந்தது. எதையும் நேராகச் சொல்லமாட்டாள். "இங்கே மழை ஜாஸ்தி தம்பி" என்றால் தெருவில் பட்டாளம் நிற்கிறது என்று அர்த்தம். "துணி காயுது" என்றால் இன்று பரவாயில்லை. எனக்கு ஏற்றபடி அவளே அமைத்துக்கொண்ட பேச்சு அது.

அதற்கு மேல் வந்ததுதான் ஆள் பிடிக்கிற சட்டம். வயசுப் பையன்கள் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர வேண்டும். வார்டு ஆபீசில் சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவனைக் கொண்டுபோகிறார்கள். அக்கா மகன் அப்போது மோட்டார்பைக் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சே இல்லாத பிள்ளை. அந்த விஷயத்தில் என்னைப் போல. அவனைத் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் ரப்பர் தோட்டத்தில் ஒளித்து வைத்து, ரங்கூனுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று வார்டுக்காரரிடம் சொல்லி வந்தாள்.

சென்ற மார்கழியிலும் தையிலும் அங்கே பட்டாளமே தேர்தல் நடத்தியது. ஊர் ஊராக, ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி. மறுபடியும் மக்களாட்சி வருகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்களாம். அக்கா போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை அவள் எனக்கு எந்தப் போட்டோவும் அனுப்பவில்லை. "போகலைன்னா வீட்டுல எத்தனை தலைன்னு எண்ண வருவாங்க," என்றாள். மகனைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகப் போட்ட ஓட்டு அது.

தேர்தல் சந்தடியில் பட்டாளத்தாரின் கவனம் கொஞ்சம் கலைந்திருக்கும் என்று யாரோ சொல்ல, அந்தச் சமயத்தில் மகனை எல்லைக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். அவன் யாரையும் கூப்பிடக் கூடாது, யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. நான் மட்டும் வழக்கம்போல் காலையில் படம் அனுப்ப வேண்டும். நான் அனுப்புகிற படத்துக்குக் கீழே இரண்டு டிக் விழுந்தால் அவன் போன் உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு டிக்கைப் பார்த்துவிட்டு என் மனைவிக்குப் போன் பண்ணி, "துணி காயுது," என்பேன். அவள், "உன் மொகரைக்கு ரகசிய பாஷை வேற," என்று சொல்லிவிட்டு வைப்பாள். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் காலையில் காபி குடிப்பாள்.

இப்படி இருக்கும்போது குடியரசு தினம் வந்தது.

எனக்கு வருஷத்தில் ரொம்ப வேலை அதற்கு முதல் நாள்தான். கஞ்சி போட்ட யூனிபார்ம் கம்பு மாதிரி நிற்க வேண்டும். என் வண்டிக்கு யூனிபார்மோடு வருகிறவர்களை நான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பிள்ளையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, "அண்ணா, சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா?" என்று கெஞ்சுகிறவர்கள். தேர்தல் நாளில் லுங்கியோடு பள்ளிக்கூட வாசலில் என் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள். எல்லா ஊரிலும் எல்லா நேரத்திலும் இவர்கள் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அதுதான். பார்த்தும்கூட அவர்களிடம் துணியைக் கொடுக்கும்போது என் கை சட்டென்று பின்னால் வந்துவிடும்.

அன்று காலை குளிர் விடாமல் இருந்தது. கரி பிடிக்கவில்லை. எதிர் அபார்ட்மெண்டில் கொடியேற்ற நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். விமானப்படையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு சார் அங்கே இருக்கிறார். தெருவில் இருக்கிற எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து, காலையில் வாழ்த்துப் படம் அனுப்புவது அவர் வழக்கம். அக்கா மகனுக்கு நான் அனுப்புகிற படங்களில் பாதி அவரிடமிருந்து வந்தவைதான். போன் அடித்தது. ஒரு கையில் விசிறி. வந்த படத்தில் ஆரஞ்சும் வெள்ளையும் பச்சையும் தெரிந்தன. வாழ்த்துகள் என்று இருந்தது. பழகின விரல், அதை அப்படியே அக்கா மகனுக்குத் தள்ளிவிட்டது. இரண்டு டிக் விழுந்தது. மனைவிக்குப் போன் பண்ணி, துணி காயுது என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் கொடி. கொடிக்குக் கீழே ஒரு பீரங்கி வண்டி. அதன் இரண்டு பக்கமும் துப்பாக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாகப் பட்டாளத்தார், முகத்தை நேராக நம் பக்கம் திருப்பிக்கொண்டு. மேலே மூன்று விமானம்.

நினைத்துப் பார்த்தேன்: பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டு நிற்கிற ஒரு பையனின் போனில், பட்டாளத்தான் ஒருவன் விரல் வைத்துத் தள்ளிப் பார்க்கிறான். முருகன், பூ, டீ கிளாஸ், பிறகு இது. வேறொரு நாட்டுப் பட்டாளம், பீரங்கி, விமானம், அனுப்பியவன் ஒரு வெளிநாட்டு நம்பர்.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டி என் கையில் இருந்தது ஞாபகம் வந்தது. உறையின் நடுவில் பழுப்பாக ஒரு தடம். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன். படத்தை அழிக்க வேண்டும், எப்படி என்று தெரியாது. செல்போன் கடை அன்றைக்கு லீவு. கொடியேற்றிவிட்டுக் கோட்டில் பதக்கத்தோடு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த அந்தச் சாரிடம்தான் போனேன். என் வாழ்க்கையில் நான் அவரிடம் துணியைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை.

என்ன பேசினேன், எந்த வரிசையில் பேசினேன் என்று நினைவில்லை. பர்மா என்றேன், அக்கா மகன் என்றேன், உங்கள் படம் என்றேன். அவர் தப்பாக எடுத்துக்கொண்டு, தேசியக் கொடி போட்ட படத்தில் என்ன தப்பு இருக்கிறது என்று முகம் சுளித்தார். பிறகு கேட்டுக்கொண்டே வந்தவர் மிட்டாய்த் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு என்னை மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"இங்க பாருப்பா, அழிச்சிடலாம். ஒரு நிமிஷ வேலை," என்றார். "ஆனா அழிச்சா, அந்த இடத்துல 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு வரும். அந்தப் பக்கம் பார்க்கிறவனுக்குத் தெரியும்."

எதை அழித்தாய் என்று கேட்டு அடிப்பார்கள் என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. படம் இருந்தாலும் அடி, இல்லாவிட்டாலும் அடி. சார் அந்தப் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார். "என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பதக்கம் குத்தியவரே அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் பயம் கூடியது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மனைவிக்குப் போன் பண்ணினேன். படத்தில் என்ன இருந்தது என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "மேல மேல அனுப்புயா. அது மேல போய்டும்ல. சாமியா அனுப்பு," என்றாள்.

அதைத்தான் செய்தேன். போனில் இருந்த சாமியை எல்லாம் அனுப்பினேன். பிள்ளையார், பெருமாள், மயில்மேல் முருகன், வேலோடு முருகன், குழந்தை முருகன், வேளாங்கண்ணி மாதா, சூரியகாந்திப் பூ, பூனைக்குட்டி. அனுப்ப அனுப்ப அந்தப் பீரங்கி மேலே மேலே போய் மறைந்தது. மனைவி மறுபடியும் கூப்பிட்டு, "போதும் நிறுத்து. இத்தினி சாமி வந்தா இவன் யாரோ பெரிய பூசாரின்னு புடிச்சிக்கினு பூடுவானுங்க," என்றாள். அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கு அது நிஜமாகவே நடக்கும் என்று தோன்றி நிறுத்தினேன்.

மத்தியானம் எல்லாப் படத்திலும் டிக் நிறம் மாறியது. ஒரே நேரத்தில், மொத்தமும். யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். அக்கா மகனாக இருந்தால் ஒரு வார்த்தை போட்டிருப்பான். ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு நான் அனுப்பியதற்கு ஒரு டிக்தான்.

அடுத்து வந்த நாட்களில் நான் யார் துணியை யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அக்கா கூப்பிட்டாள். மழை எப்படி என்று கேட்டாள். அவளுக்கும் மகனிடமிருந்து தகவல் இல்லை. நான் அனுப்பிய படத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்து, அத்தானுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். போனை வைத்த பிறகு மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லித் தொலை என்று திட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் திட்டவில்லை.

பிறகு ஒரு காலையில், சைக்கிளை உருட்டிக்கொண்டு மேடவாக்கம் சிக்னலில் நிற்கிறேன், போன் அடித்தது. அக்கா மகனுடைய நம்பர். நான் அனுப்பிய குடியரசு தினப் படத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல், நல்லது என்று தூக்கிக் காட்டுகிற கட்டைவிரல். அவ்வளவுதான். சிக்னலில் பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துத் திட்டுகிறவரைக்கும் நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கேயே ஓரம்கட்டி மனைவிக்குச் சொன்னேன், அக்காவுக்குச் சொன்னேன். அக்கா அழுதாள். சாயங்காலம் வீட்டில் கேசரி கிண்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு மனைவி, "எங்க வூட்டுப் புள்ள ஊர் போய்ச் சேந்துட்டான்," என்றாள்.

கேசரிப் பாத்திரம் இன்னும் கழுவவில்லை, வேறு ஏதோ ஒரு நாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அக்கா மகன். தாய்லாந்துப் பக்கம் வந்துவிட்டதாகச் சொன்னான். ஒரு துணிக் கம்பெனியில் வேலை செய்கிற பர்மாக்காரர் ஒருவரின் அறையில் இருக்கிறானாம். இது அவருடைய போன். நான் சந்தோஷத்தில், நீ விரலைக் காட்டியதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

"எந்த விரல் மாமா?" என்று கேட்டான்.

அவனிடம் போன் இல்லை. கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். குடியரசு தினத்தன்று மத்தியானமே.

அவன் சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன். பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அவன் போனை வாங்கியது அவன் வயதிலேயே இருந்த ஒரு பட்டாளத்தான். சாமி படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனவன் அந்தப் படத்தில் நின்றிருக்கிறான். இது என்ன என்று கேட்டிருக்கிறான். இந்தியாவில் மாமா இருக்கிறார், அவர்கள் நாட்டில் இன்றைக்குக் குடியரசு தினம், அதற்கு வாழ்த்து என்று இவன் சொல்லியிருக்கிறான். அங்கேயும் இவர்கள்தான் ஆள்கிறார்களா என்று கேட்டானாம். இல்லை, அன்றைக்கு நடந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று இவனுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான். எங்கே போவார்கள் என்று கேட்டானாம். வீட்டுக்கு என்றிருக்கிறான்.

"கேலி பண்றியான்னு கேட்டு ஓங்கி ஒண்ணு விட்டான் மாமா. காது இன்னும் சரியா கேட்கலை. அப்புறம் போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, போன்னு தள்ளிட்டான்."

அந்தப் படம் அவனைக் காப்பாற்றியதா, அடி வாங்க வைத்ததா, அதைப் பார்த்துவிட்டு மேலே பார்க்காமல் விட்டானா, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். அந்தப் போன் ஒரு பட்டாளத்தானிடம் இருக்கிறது. அதில் அக்காவின் நம்பர் இருக்கிறது, தோசைக்கடை போட்டோ இருக்கிறது, நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். கட்டைவிரலைக் காட்டியது அந்தப் பட்டாளத்தான். அந்தக் கட்டைவிரலை நம்பி நான் அக்காவிடம், உன் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று, மழையும் இல்லாமல் துணியும் இல்லாமல், நேராகவே சொல்லியிருந்தேன்.

"அந்த நம்பரை பிளாக் பண்ணிடுங்க மாமா. இன்னைக்கே," என்றான்.

அக்காவைக் கூப்பிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த மறைமுகப் பேச்சில், திக்கித் திக்கி. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடைக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நிறுத்தாதே தம்பி," என்றாள். அவள் சுற்றி வளைத்துச் சொன்னதை நான் நேராகச் சொல்கிறேன். "நீ நிறுத்தினா, போன் அவன்கிட்ட இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். அவன் எங்கிருந்தோ உன்கிட்ட பேசியிருக்கான்னு அர்த்தம். மாமனே இன்னும் அந்தப் போனுக்குத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கான்னா, பையன் எங்கயும் ஓடலை, இங்கேதான் எங்கயோ இருக்கான்னு நினைப்பாங்க. நான் இங்கேதான இருக்கணும்."

அவள் வரமாட்டாள். புருஷனுக்கு நடக்க முடியாது. கடையை விட்டுவிட்டு ஓடினால் வீட்டு ஆட்கள் பெயர் எழுதி வைத்திருக்கிற வார்டுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். மகன் தப்பித்துவிட்டான். அவன் தப்பித்தான் என்று பட்டாளத்துக்குத் தெரியாமல் இருக்கிறவரைக்கும்தான் அவளுக்கு நிம்மதி. அது என் கையில் இருந்தது.

போனை வைப்பதற்கு முன்னால் அவள் ஒன்று சொன்னாள். முருகன் அனுப்பினால் மயில் இல்லாமல் அனுப்பு என்றாள். அவள் முன்பு சந்தோஷமாக ஓட்டுப் போட்ட கட்சியின் கொடியில் சண்டைக்கு நிற்கிற மயில் இருக்கிறதாம். சிவப்பும் வேண்டாம், அது அவர்களுடைய நிறம். நான் அன்றைக்கு அந்தப் பீரங்கியை மறைக்க அள்ளி அனுப்பியதில் எத்தனை மயில் இருந்தது என்று விரலால் தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்தேன்.

அதிலிருந்து தினமும் காலையில், பார்த்துப் பார்த்து ஒரு படம் எடுக்கிறேன். மயில் இல்லாமல், கோவணத்தோடு தனியாக நிற்கிற பழனி ஆண்டவர். வெள்ளை மல்லி. இட்லித் தட்டு. கொடி கூடாது, கூட்டம் கூடாது, தூக்கிய கை கூடாது. தெரியாத ஒரு பட்டாளத்தானுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தாம்பரத்தில் என் பொழுது ஆரம்பிக்கிறது. இரண்டு டிக் விழும். சில நாள் கட்டைவிரல் வரும். அந்தச் சத்தம் கேட்டால் முதலில் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். ரிட்டயர் ஆன சார் இப்போதெல்லாம் எனக்குப் படம் அனுப்புவதில்லை. துணி கொடுக்க வரும்போது, "அங்க எப்படிப்பா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்பார். நானும் தலையாட்டுவேன்.

சென்ற வாரம் அந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக ஒரு படம் வந்தது. தங்க நிறத்தில் ஒரு புத்தர் கோயில், காலை வெயில், கீழே எனக்குப் படிக்கத் தெரியாத வட்ட வட்ட எழுத்து. மனைவியிடம் காட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "அவனும் எவளோ பெத்த புள்ளதான்யா. இவனையும் சீட்டுக் குலுக்கித்தான் இட்டாந்தாங்களோ இன்னாவோ," என்றாள். எனக்கு அப்படி நினைக்கத் தைரியம் வரவில்லை. வலை வீசுகிறானோ என்று நினைத்தேன். இரண்டில் எது என்று யாரிடம் கேட்பது.

அக்காவிடம் சொன்னேன். அந்த எழுத்து என்னவாக இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் படத்தைத் தனக்கு அனுப்ப வேண்டாம் என்றாள்.

"பதில் வந்துச்சுன்னு சந்தோஷப்படாதே. பயந்துக்கிட்டு நேரத்தையும் மாத்தாதே. நாளைக்கும் அதே நேரத்துக்கு அனுப்பு."

மறுநாள் வண்டியைத் திறந்து, கரியைப் போட்டு, போனை எடுத்தேன். அந்தப் போன் இன்னும் மருமகனிடம்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருப்பதாக அந்தப் பட்டாளத்தான் நினைக்க வேண்டும். மாமன் மருமகனுக்கு என்ன அனுப்புவான் என்று யோசித்து, ஆவி பறக்கிற ஒரு டீ கிளாஸை அனுப்பினேன். கூடவே, இதுவரை செய்யாததாக, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு குரலையும் அனுப்பினேன். என் குரல் நடுங்குவது எனக்கே கேட்டது. நடுங்கினால் நடுங்கட்டும், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.